ஆளுக்கு ஒரு பீட்

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது என்றால் எங்கள் கம்பைநல்லூர்ப் பிள்ளைகள் நம்புவதில்லை. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவரலாம் என்று இரண்டரை அடிப் பாதையாகப் போட்டு, 1906-இல் திறந்தார்கள். 1913-இல் ஓசூர் வரை நீட்டினார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-இல் மூடிவிட்டார்கள். மொரப்பூர்–தருமபுரி அகலப் பாதைக்கு அடிக்கல் விழுந்ததே 2019-இல்தான். அந்தச் சின்ன ரயிலின் மாதிரியொன்றைத் தோப்பில் ஓட்டிக் காட்டலாமே என்று ஆரம்பித்ததுதான் இந்த வேலை.

முதலில் அளவு. வெளிநாட்டில் தோட்டத்து ரயில் ஓட்டுகிறவர்கள் பலரும் 32 மி.மீ. இடைவெளியில் தண்டவாளம் போடுகிறார்கள். அதற்கான சக்கரங்கள் கடையிலேயே கிடைக்கும். நம் இரண்டரை அடிப் பாதையை அந்த இடைவெளிக்குச் சுருக்கினால் 24-இல் ஒரு பங்கு வருகிறது. அந்தக் கணக்கில் தருமபுரி வரைக்குமான 30 கி.மீ. சுமார் ஒன்றேகால் கி.மீ. ஆகும். அவ்வளவு தோப்புக்கு எங்கே போவது? மொரப்பூர் யார்டும் அதை ஒட்டிய கொஞ்ச தூரமும் போதும் என்று முடிவு செய்தோம்.

இடம் பார்க்கும்போது தென்னைக்கு அடியில் மட்டும் வேண்டாம். ஒரு மட்டை விழுந்தால் பாதை நசுங்கிவிடும். மாமரத்து நிழல் உத்தமம். புளிய மரமும் பரவாயில்லை, ஆனால் அதன் பொடிச் சருகை யாராவது தினமும் கூட்டியே ஆக வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் வைக்கும் கட்டைகளைக் கரையான் விடாது என்பதால் மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் துண்டுகள் வைத்தோம். மட்டம் பார்க்கக் கருவி எதுவும் வாங்கவில்லை. கொத்தனாரின் டியூப் மட்டமே போதும், உள்ளே காற்றுக் குமிழி மட்டும் இருக்கக் கூடாது. ஒரு மீட்டருக்கு 2 செ.மீ.க்கு மேல் ஏற்றம் கொடுத்தால் வண்டி திணறும்.

தண்டவாளத்துக்கு அலுமினியப் பட்டி வாங்கினோம், துருப்பிடிக்காது. 12 அடிப் பட்டி வெயிலில் 40 டிகிரி சூடேறினால் மூன்று மி.மீ.க்கு மேல் நீளும். எங்கள் ஊர்ச் சித்திரைக்கு அது சாதாரணம். இணைப்பில் இடைவெளி இல்லாமல் இறுக்கிவிட்டால் பாதை பாம்பாக நெளியும். பட்டியைக் காலைக் குளிரில் போடுகிறீர்களா, உச்சி வெயிலில் போடுகிறீர்களா என்பதைப் பொறுத்து இடைவெளியைக் கூட்டிக் குறைக்க வேண்டும். தண்டவாளம் வழியாகக் கரன்ட் கொடுக்க ஆசைப்படாதீர்கள். புழுதியும் அலுமினியத்தின் மேல் படியும் படலமும் அதைத் தடுத்துவிடும். பேட்டரி எஞ்சினுக்குள்ளேயே இருக்கட்டும்.

இதெல்லாம் எளிது, ஆட்களைத் தக்கவைப்பதுதான் வேலை. முதல் ஞாயிற்றுக்கிழமை தோப்பு கொள்ளாத கூட்டம். அடுத்த வாரம் பாதிப் பேர் இல்லை. "மண் சுமந்துட்டு வா, ஜல்லி கொட்டு" என்றால் எவன் வருவான்? வழி சொன்னவர் ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். "வாத்தியாரே, ஆளுக்கு ஒரு பீட் பிரிச்சுக் குடுங்க. கீமேன் தெனமும் தன் பீட்டை நடந்தே பாப்பான். அவன் பீட்டுல தண்டவாளத்தைப் பிடிக்கிற ஒரு சாவி கழண்டாலும் அவனுக்குத்தான் தூக்கம் வராது."

பீட் என்றால் ஒருவர் பொறுப்பில் விடப்படும் பாதைப் பகுதி; அதைத் தினமும் சரிபார்ப்பவர்தான் கீமேன். அப்படியே பிரித்தோம். ஒரு பீட்டுக்கு ஒரு பெரியவர், இரண்டு பிள்ளைகள். பட்டி அறுக்கும் மெஷின் பெரியவர் கையில் மட்டும்தான்; அதில் சமரசமே கிடையாது. ஜல்லி நிரப்புவது, சருகு கூட்டுவது, இணைப்பில் இடைவெளி பார்ப்பது எல்லாம் பிள்ளைகள் வேலை. தன் பீட்டில் சரியில்லை என்றால் வண்டியை நிறுத்தும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி சிவப்புக் கைக்குட்டையைக் காட்டி வண்டியை நிறுத்திவிட்டு, "சார், இந்த ஜாயின்ட்ல நகம் நுழையல" என்றாள். பார்த்தால் உண்மைதான்.

ஸ்காட்லாந்திலும் 2017-இல் தொண்டர்கள் இப்படித்தான் அணி அணியாகப் பிரிந்து, ஃபோர்ட் வில்லியத்திலிருந்து இன்வர்னெஸ் வரை 114 கி.மீ. தூரம் குட்டி நீராவி எஞ்சினை ஓட்டினார்கள். அதுவும் 32 மி.மீ. பாதைதான். அந்தப் படங்களைக் காட்டியதும் எங்கள் பையன்கள், "நாமும் ஆத்தைத் தாண்டிப் போடலாம் சார்" என்று கிளம்பிவிட்டார்கள். இப்போதைக்குத் தோப்பு வேலியோடு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

வேலை நேரம் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை, கடைசியில் எல்லோருக்கும் டிபன். இதை மட்டும் குறைக்கவே குறைக்காதீர்கள். ஸ்டேஷன் பெயர்ப் பலகை எழுதும் வேலைக்கு ஆள் தேடவே வேண்டாம்: மஞ்சள் பலகையில் கறுப்பில் 'மொரப்பூர்' என்று எழுத வந்த போட்டியில், கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டியதாயிற்று.