முதலில் காலண்டர், பிறகு ஃபார்முலா

அன்புத் தங்கைக்கு,

ஒரு புகார் பதிவான நேரத்துக்கும் அது தீர்ந்த நேரத்துக்கும் இடையே எத்தனை மணி வேலை நேரம் போயிருக்கிறது என்று கணக்கிட எந்த ஃபார்முலா நல்லது என்று கேட்டிருந்தாய். ஃபார்முலாவுக்குப் பிறகு வருகிறேன். முதலில் உன் டேட்டா மாடலில் ஒரு காலண்டர் வேண்டும். நாளுக்கு ஒரு வரிசை என்று தனி அட்டவணையாகவே வேண்டும். சனி, ஞாயிறு போக மற்றதெல்லாம் வேலை நாள் என்று ஃபார்முலாவுக்குள்ளேயே எழுதி வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2025 பொங்கலையே எடுத்துக்கொள். ஜனவரி 14 செவ்வாய் பொங்கல், 15 திருவள்ளுவர் நாள், 16 உழவர் திருநாள். 17 வெள்ளிக்கிழமை ஆண்டு விடுமுறைப் பட்டியலில் இல்லை. தமிழ்நாடு அரசு அதைப் பிறகு விடுமுறையாக அறிவித்து, ஈடுசெய்ய 25ஆம் தேதி சனிக்கிழமையை வேலை நாளாக்கியது. எக்செல்லின் நெட்வொர்க்டேஸ் ஃபங்ஷனுக்கு விடுமுறைப் பட்டியலைக் கொடுக்கலாம். ஆனால் இந்த ஒரு சனிக்கிழமை மட்டும் வேலை நாள் என்று சொல்ல அதில் இடமே இல்லை. காலண்டர் அட்டவணையில் ஒரு வரிசையைத் திருத்தினால் முடிந்தது.

இடமும் சேர்ந்துகொண்டால் சிக்கல் கூடும். மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பர் 4, 5 தேதிகளில் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய நான்கு மாவட்டங்களுக்கு மட்டும் பொது விடுமுறை விட்டார்கள். அன்று மதுரை அலுவலகம் நடந்தது. வங்கிகளுக்கோ 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனி விடுமுறை. மற்ற சனிக்கிழமைகள் முழு வேலை நாள். உன் நிறுவனத்துக்குத் துபாயில் கிளை இருந்தால் இன்னொன்றையும் கவனி: ஐக்கிய அரபு அமீரக அரசு அலுவலகங்கள் 2022 ஜனவரி 1 முதல் வெள்ளி, சனி விடுமுறையை விட்டுவிட்டு, வெள்ளி அரை நாள், சனி, ஞாயிறு விடுமுறை என்று மாறின. 2021இல் வந்த புகாரைப் பழைய முறைப்படிதான் கணக்கிட வேண்டும். ஆகவே நாளும் இடமும் சேர்ந்ததுதான் ஒரு வரிசை. ஒவ்வொரு விடுமுறைக்கும் காரணத்தையும் அரசாணை எண்ணையும் பக்கத்திலேயே குறித்து வை. யாராவது கேட்கும்போது உன் ஞாபகத்தை நம்பிப் பதில் சொல்லும் நிலை வரக்கூடாது.

இனி கணக்கு. அலுவலக நேரம் காலை 10 முதல் மாலை 5.45 வரை என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டு இடைவேளையை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஒரு வேலை நாளுக்கு 465 நிமிடம். காலண்டரில் ஒரு பத்தி சேர்த்து, அந்த நாள் தொடங்கும்முன் அதுவரை சேர்ந்த வேலை நிமிடங்கள் எத்தனை என்று எழுதிவிடு. 2025 ஜனவரி 1 விடுமுறை. 2 முதல் 12 வரை ஏழு வேலை நாட்கள். எனவே 13ஆம் தேதி வரிசையில் 3,255 இருக்கும். அன்று மாலை 4.45க்குத் தண்ணீர் வரவில்லை என்று ஒரு புகார் வருகிறது. 10 மணியிலிருந்து 405 நிமிடம். கூட்டினால் 3,660. அந்த நாள் முடியும்போது எண் 3,720 ஆகிறது. 14 முதல் 19 வரை விடுமுறை என்பதால் அது அசையாது. 20ஆம் தேதி திங்கள் காலை 11 மணிக்குப் புகார் முடிகிறது: 3,720 உடன் 60, அதாவது 3,780. கழித்தால் 120 நிமிடம். இரண்டு மணி நேரம்.

நூறு புகாருக்கு எந்த வழியும் ஓடும். லட்சக்கணக்கான புகார்களில் ஒவ்வொன்றுக்கும் நடுவிலுள்ள நாட்களைத் தேடி எண்ணச் சொன்னால் ரிப்போர்ட் திணறும். இந்த முறையில் இரண்டு தேடல், ஒரு கழித்தல், அவ்வளவுதான். அலுவலக நேரத்துக்கு முன்னால் வந்த புகாரை 0 நிமிடத்திலும், பின்னால் வந்ததை அன்றைய கடைசி நிமிடத்திலும் நிறுத்திவிடு.

எல்லைகளில் கவனம். நெட்வொர்க்டேஸ் தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் சேர்த்தே எண்ணும். ஒரே நாளில் தீர்ந்த புகாருக்கும் 1 என்று காட்டும். பவர் பிஐயில் டாக்ஸ் மொழியின் டேட்டிஃப் ஃபங்ஷன் எத்தனை எல்லைகளைத் தாண்டினாய் என்றுதான் பார்க்கும்; இரவு 11.59க்கும் 12.01க்கும் இடையே ஒரு நாள் போனதாகச் சொல்லும். சர்வர் யுடிசி நேரத்தில் பதிவு செய்தால், நம் ஊரில் சனி அதிகாலை 3 மணிக்கு வந்த புகார் வெள்ளி இரவு 9.30 என்று நிற்கும். முதலில் ஐந்தரை மணியைக் கூட்டு, பிறகு தேதியைப் பிரி.

இதையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடுவாய். எனக்கு உண்மையான அக்கறை வேறிடத்தில் இருக்கிறது. மேலே சொன்ன புகாரில் அலுவலகம் எடுத்துக்கொண்டது 2 மணி நேரம். புகார் கொடுத்தவர் காத்திருந்தது 162 மணி 15 நிமிடம். இரண்டும் சரியான கணக்கு. முதல் எண்ணை மட்டும் மேலாளரின் திரையில் வைத்தால், தண்ணீர் வராமல் பொங்கல் கொண்டாடிய ஒரு வீடு ரிப்போர்ட்டில் இருந்தே காணாமல் போய்விடுகிறது. இரண்டாவதை மட்டும் வைத்தால், விடுமுறையில் ஊருக்குப் போன ஊழியர் மேல் பழி விழுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை.

கெடுவுக்கு எந்தக் கணக்கு பொருந்தும் என்பதை நீ தீர்மானிக்கக் கூடாது, விதியைக் கேள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, மனு கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் தரச் சொல்கிறது. ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். அங்கே ஞாயிற்றுக்கிழமையும் நாள்தான். அந்த மனுக்களுக்கு வேலை நாள் கணக்கைப் போட்டால், கெடு தாண்டியவை எல்லாம் கெடுவுக்குள் முடிந்தவையாகத் தெரியும்.

இன்னும் தீராத புகார்களை மறக்காதே. முடிந்த தேதி காலியாக இருப்பதால் அவை சராசரியில் சேர்வதில்லை. மிக மோசமாகத் தாமதமானவை இவற்றில்தான் இருக்கும். அவற்றுக்கு இன்றைய நேரத்தை வைத்து வயது கணக்கிட்டுத் தனியாகக் காட்டு. 'மனுதாரரின் பதிலுக்காகக் காத்திருப்பு' என்று போட்டு நிறுத்திவைத்த நேரத்தையும் சத்தமில்லாமல் கழித்துவிடாதே. தனிப் பத்தியில் தெரியட்டும்.

விடையை நாளில் எழுதாதே, மணியில் எழுது. ஒரு நாள் என்றால் ஒருவர் 24 மணி என்பார், இன்னொருவர் ஏழே முக்கால் என்பார்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய். எந்த நேரம் தொடக்கம், எது முடிவு, எந்த ஊருக்கு எந்த விடுமுறை, எப்போது கடிகாரம் நிற்கும் என்று ஒரு பக்கத்தில் எழுது. அதைப் புகார்ப் பிரிவில் தினமும் உட்கார்ந்திருப்பவரிடம் காட்டி, அவர் திருத்திய பிறகு அலுவலகப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கு. அதற்குப் பிறகு முதல் ஃபார்முலாவை எழுது. எழுதியதும் எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்