வயிற்று வலிக்கும் ஒரு கணக்கு நோட்டு



ஆறு மாதத்துக்கு முன் நம்ம ஜூஜுவாடி கூட்டத்தில் ஒரு அக்கா உள்கடன் கேட்டு எழுந்தார். எதுக்குன்னு ஊக்குநர் கேட்டதுக்கு, "இன்னொரு ஸ்கேன் எடுக்கணும்" என்றார். ஏற்கெனவே இரண்டு ஸ்கேன், ஒரு எண்டோஸ்கோபி, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஆகிவிட்டது. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். வலி மட்டும் போகவில்லை. எல்லை தாண்டி பொம்மசந்திராவில் கம்பெனி வேலை. விடியற்காலை வண்டி வருவதற்குள் மூன்று முறை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. அந்த மாதம் மட்டும் ஆறு நாள் சம்பளம் போச்சு. "ரிப்போர்ட்ல ஒண்ணுமில்ல, நீ நடிக்கிறேன்னு வீட்ல சொல்றாங்க. எனக்கோ உள்ள புத்து ஏதும் இருக்குமோன்னு பயம்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

ரிப்போர்ட் நார்மல் என்றால் நோயே இல்லை என்று அர்த்தமா? இல்லை. இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

வயிற்றில் புண், கட்டி, அடைப்பு இருந்தால் ஸ்கேனிலோ எண்டோஸ்கோபியிலோ பெரும்பாலும் தெரியும். ஆனால் குடலின் அமைப்பு நன்றாக இருந்து, அது வேலை செய்யும் விதம் மட்டும் மாறிப்போவதும் உண்டு. நம்ம போர்வெல் மோட்டாரை நினைத்துப் பாருங்கள். பிரித்துப் பார்த்தால் ஒரு பாகமும் கெடவில்லை, ஆனால் வோல்டேஜ் ஏறி இறங்கினால் தண்ணீர் ஒழுங்காக வருமா? குடலுக்கும் மூளைக்கும் நடுவே நரம்பு வழியாக ஓயாமல் பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சு தாறுமாறானால் குடல் வேகமாக ஓடும், அல்லது மந்தமாகும். சாதாரண வாயுகூட வலியாகத் தெரியும். இதைச் செயல்பாட்டுக் கோளாறு என்கிறார்கள். வலியும் வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் மாறி மாறி வருவதை டாக்டர்கள் ஐ.பி.எஸ். என்று எழுதுவார்கள். நாம் எல்லாத்துக்கும் சேர்த்து "கேஸ் ட்ரபிள்" என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம்!

இது அபூர்வமான நோய் இல்லை. இந்தியக் குடல்நோய் மருத்துவர்கள் சங்கம் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், பொதுமக்கள் 4,500 பேரை விசாரித்ததில் நூற்றுக்கு நாலு பேருக்கு இது இருந்தது. ஒரு கூட்டமைப்பில் ஐந்நூறு உறுப்பினர் இருந்தால் அந்தக் கணக்கில் சுமார் இருபது பேர். அந்த இருபது பேரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று வாய் திறக்காமல் இருப்பார்கள்.

அளப்பதில்தான் சிக்கல். நம்ம மாவட்டத்தில் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிற தன்னார்வலர்களில் நம்மைப் போன்ற குழுப் பெண்கள் நிறைய. பிரஷருக்குக் கருவி உண்டு, சுகருக்கும் உண்டு. இந்த வயிற்று வேதனைக்குக் கருவி கிடையாது. அந்த எண் நம்ம வாயிலிருந்துதான் வரணும்.

வாய்ச்சொல் எவ்வளவு குழப்பும் என்பதை நாமே பார்த்தோம். இங்கே பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, சிலர் கன்னடம். அந்த அக்கா முதலில் "கடுப்பு நொப்பி" என்றுதான் சொன்னார். தெலுங்கில் அது வயிற்று வலி. தமிழ் பேசுகிற நாங்கள் அதை வயிற்றுக்கடுப்பு, அதாவது சீதபேதி என்று நினைத்து, மாதுளம் தோல் கஷாயம் குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதோடு நமக்கு இன்னொரு பழக்கம். டாக்டர் "எப்படி இருக்கு?" என்று கேட்டால், அன்றைக்கு வலி இல்லையானால் "பரவாயில்ல சார்" என்போம். ரொம்ப வலித்தால் "உயிரே போகுது" என்போம். இரண்டையும் வைத்து அவர் என்ன முடிவு செய்வார்?

இதற்காக 1997-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகர மருத்துவர்கள் ஐந்து கேள்வி கொண்ட ஒரு அளவுமுறையை வெளியிட்டார்கள். ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கென்றே செய்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க ஆராய்ச்சிகளில் பயன்படுகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் நூறு மதிப்பெண், மொத்தம் ஐந்நூறு. பரீட்சை மாதிரி இல்லை, இதில் குறைய வாங்குவதுதான் நல்லது.

முதல் கேள்வி, வயிற்று வலி எவ்வளவு கடுமை? இரண்டாவது, பத்து நாளில் எத்தனை நாள் வலி? (அந்த நாள் கணக்கைப் பத்தால் பெருக்கணும்.) மூன்றாவது, வயிறு உப்பிக்கொள்வது எவ்வளவு? இங்கே ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்கள்: பெண்கள் மாதவிலக்கை ஒட்டி வரும் உப்புசத்தைச் சேர்க்கக் கூடாது. இதை யோசித்து எழுதியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். நான்காவது, மலம் கழிக்கும் விஷயத்தில் எவ்வளவு அதிருப்தி? ஐந்தாவது, இந்தத் தொந்தரவு உங்கள் வாழ்க்கையை எவ்வளவு கெடுக்கிறது?

காகிதத்தில் ஒரு கோடு போட்டு அதில் குறிக்கச் சொல்வதுதான் அவர்கள் முறை. எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு அது சரிவராது. அதனால் நாம் குழுவில் மதிப்பீடு போடும் வழியையே எடுத்தோம். பத்துப் புளியங்கொட்டை. வலியே இல்லை என்றால் ஒன்றும் வைக்க வேண்டாம், தாங்கவே முடியாது என்றால் பத்தும். ஒரு கொட்டைக்குப் பத்து மதிப்பெண். இது நம்ம வசதிக்குச் செய்துகொண்டது, ஆஸ்பத்திரி முறை இல்லை. டாக்டரிடம் போகும்போது அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த அக்கா வைத்த கொட்டைகள்: வலி 60, பத்தில் ஐந்து நாள் என்பதால் 50, உப்புசம் 70, அதிருப்தி 60, வாழ்க்கைக் கெடுதல் 80. கூட்டினால் 320. அந்த அளவுமுறைப்படி 75-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய நலம், 175 வரை லேசானது, 300 வரை நடுத்தரம், அதற்கு மேலே கடுமை. எண்ணைக் கேட்டதும் அக்கா சொன்ன வார்த்தை: "அப்ப நான் நடிக்கல." கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மலத்தைப் பற்றிப் பேச வெட்கப்படுகிறோம். அதற்கும் பிரிஸ்டல் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, ஏழு வகை. ஒன்றாம் வகை ஆட்டுப் புழுக்கை மாதிரி கெட்டி உருண்டை. நாலாம் வகை வழவழப்பாக, வாழைப்பழம் மாதிரி. ஏழாவது வெறும் தண்ணீர். நோட்டில் அந்த எண்ணை மட்டும் எழுதினால் போதும், வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லணும். புளியங்கொட்டை நோயைக் கண்டுபிடிக்காது. டாக்டர் பரிசோதித்து இன்ன கோளாறு என்று சொன்ன பிறகு, அது கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க மட்டும்தான் இது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, விடாத காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி, ஓயாத வாந்தி, சாப்பாடு தொண்டையில் இறங்காமல் நிற்பது, ரத்தசோகை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தது - இதில் ஒன்று இருந்தாலும் கணக்குப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம் நாட்டில் குடல் காசநோயும் வலி, காய்ச்சல், எடை குறைவு என்றுதான் வரும். அதற்கு அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். ஐம்பது வயதை ஒட்டி முதல் முறையாக வயிறு உப்பி, வடியாமலே இருந்தால் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் கட்டாயம் பார்க்கணும். மலம் கருப்பாகப் போனாலும் காட்டணும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருப்பாகும், ஆகவே மாத்திரை விவரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு இந்த அறிகுறிகள் எதுவும் இல்லை என்று டாக்டர் முன்பே பார்த்துவிட்டார். ஒரு மாதம் நோட்டு எழுதிக்கொண்டு போனபோது அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். மூன்றாவது ஸ்கேன் இப்போது வேண்டாம் என்றார். வலி நாட்கள் பெரும்பாலும் முதல் ஷிப்ட் வாரத்திலேயே விழுந்திருந்தன. அந்த வாரங்களில் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு டீ, பத்து மணிக்கு மேல்தான் சாப்பாடு. கம்பெனியில் பாத்ரூம் போக அடிக்கடி கேட்கக் கூசி, தண்ணீரே குடிப்பதில்லை. இதெல்லாம் இதுவரை அவர் யாரிடமும் சொல்லாதது, டாக்டரும் கேட்காதது. மருந்து கொடுத்தார், இசப்கோல் சேர்த்துக்கொள்ளச் சொன்னார், ஷிப்டுக்குப் போகும் முன் கொஞ்சம் கூழாவது குடிக்கச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி கொட்டை வைத்தோம். வலி 40, நாட்கள் 30, உப்புசம் 50, அதிருப்தி 50, வாழ்க்கைக் கெடுதல் 45 (நாலு கொட்டையும் ஒரு பாதியும் வைத்தார்). மொத்தம் 215. ஐம்பது குறைந்தாலே முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம், இவருக்கு 105 குறைந்திருக்கிறது. வலி இன்னும் இருக்கிறது, பொய் சொல்ல வேண்டாம். ஆனால் ஐந்தாவது கேள்விதான் அதிகம் இறங்கியிருக்கிறது. அந்த மாதம் ஒரே ஒரு நாள்தான் லீவு. கேட்ட உள்கடனை அவர் வாங்கவில்லை.

தனக்கும் இப்படி இருக்கிறது என்று அதற்குப் பிறகு மூன்று பேர் தனியாக வந்து சொன்னார்கள். முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறோம். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு எடுத்து வைத்திருக்கிறோம். தேதி, வலிக்கு எத்தனை கொட்டை, மலம் எந்த வகை, என்ன சாப்பிட்டோம், எந்த ஷிப்ட், மாதவிலக்கு நாளா - ஒரு நாளைக்கு ஒரே வரிதான். பத்து நாளுக்கு ஒரு முறை ஐந்து கேள்விக்கும் கொட்டை வைத்துக் கூட்டணும். எழுத வராதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதலாம். பிள்ளையிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் சேமிப்புக் கட்ட வரும்போது பிரதிநிதியிடம் சொல்லுங்கள், அவர் எழுதித் தருவார், வெளியே சொல்ல மாட்டார்.