கடை பெயர் போட்ட கார்டு கைமாறும்போது

2016 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை வரை அமெரிக்காவில் உள்ள காஸ்ட்கோ கடைகளில் செல்லுபடியான கிரெடிட் கார்டு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மட்டும்தான். மறுநாள் திங்கட்கிழமை அதே கார்டை நீட்டியவர்களிடம் ‘இது இனிமேல் செல்லாது, விசா இருக்கிறதா?’ என்று கேட்டார்கள். காஸ்ட்கோ பெயர் போட்ட சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்டுகளின் கணக்குகள் சிட்டி வங்கிக்குக் கைமாறியிருந்தன. அடுத்த சில வாரங்கள் ஒரே புகார்மயம். புதுக் கார்டு வரவில்லை, வந்தது ஆக்டிவேட் ஆகவில்லை, போன் செய்தால் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போடுகிறார்கள், ஆள் எடுப்பதில்லை.

காஸ்ட்கோவில் மாதச் சாமான் வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் அமெரிக்காவில் ஏராளம். இந்தியாவிலும் பெட்ரோல் பங்க், துணிக்கடை, ஆன்லைன் கடை என்று எல்லோர் பெயரிலும் கார்டு வந்துவிட்டது. சிட்டி வங்கியின் இந்திய நுகர்வோர் வணிகம் 2023 மார்ச் 1 அன்று ஆக்சிஸ் வங்கியிடம் போனபோது, இந்தியன் ஆயில் பெயர் தாங்கிய கார்டுகளும் சேர்ந்தே போயின. ஆகவே இது யாரோ எங்கோ பட்ட பாடு என்று விட்டுவிட முடியாது. கார்டு கைமாறும்போது மக்கள் நம்பி ஏமாறும் சில விஷயங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: இது கடை கொடுத்த கார்டு. கடை இருக்கும்வரை கார்டும் இருக்கும்.

கார்டின் முகத்தில் கடையின் பெயர் பெரிதாக இருக்கும், வங்கியின் பெயர் ஓரத்தில் சிறிதாக இருக்கும். ஆனால் உங்களுக்குக் கடன் கொடுப்பது வங்கி, ஒப்பந்தமும் வங்கியோடுதான். கடை தன் பெயரையும் தன் வாடிக்கையாளர் கூட்டத்தையும் சில வருடங்களுக்கு வங்கிக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கெடு முடிந்ததும் வேறு வங்கி நல்ல விலை சொன்னால் கடை அங்கே போய்விடும்.

காஸ்ட்கோவும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் 1999 முதல் கூட்டாளிகள். 2015 பிப்ரவரியில் பிரிவை அறிவித்த அன்றே அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பங்கு விலை சரிந்தது. ஏன் என்று அந்த நிறுவனமே சொன்ன கணக்கைப் பார்த்தால் புரியும். உலகம் முழுவதும் புழங்கிய அதன் கார்டுகளில் பத்தில் ஒன்று காஸ்ட்கோ கார்டு. அதன் மொத்தக் கடன் நிலுவையில் சுமார் 20 சதவீதம் இந்தக் கார்டுகளில் இருந்தது. இன்னொரு எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அந்தக் கார்டில் நடந்த செலவில் 70 சதவீதத்துக்கும் மேல் காஸ்ட்கோவுக்கு வெளியே நடந்தது. ஓட்டல், பெட்ரோல், பள்ளிக் கட்டணம் என்று நம் வீட்டுச் செலவு முழுவதும் அந்தக் கார்டு வழியாகப் போகிறது. வங்கி பேரம் பேசி வாங்குவது அந்தச் செலவை.

வாங்குவது என்பதை நேர்ப் பொருளிலேயே சொல்கிறேன். பழைய வங்கி தன் கடன் கணக்குகளைப் புது வங்கிக்கு விற்கிறது. 2016-இல் அந்த விற்பனையில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸுக்குக் கிடைத்த லாபம் சுமார் 110 கோடி டாலர். இத்தனை பெரிய தொகை கைமாறும் வியாபாரத்தில், நம்பர் மாற்றுவது, பில் மாற்றுவது, போனில் காத்திருப்பது என்று மாற்றத்தின் சுமை முழுவதையும் வாடிக்கையாளர் தலையில் இறக்கிவைக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அறிவிப்புக்கும் மாற்றத்துக்கும் நடுவே பதினாறு மாதம் இருந்தது. முதல் வாரத்தில் போன் எடுக்கப் போதிய ஆட்களை வைக்க அந்த அவகாசம் போதாதா?

நம்பிக்கை: ஒழுங்காகக் கட்டியவருக்குப் புதுக் கார்டு தானாக வரும்.

வரலாம், வராமலும் போகலாம். கணக்குகளை விற்றார்களா இல்லையா என்பதைப் பொறுத்தது. காஸ்ட்கோவில் விற்றார்கள். அதனால் யாரும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

பிரிட்டனில் ஜான் லூயிஸ் கடையின் கார்டுக்கு நடந்தது வேறு. 2022-இல் அந்தக் கடை எச்எஸ்பிசி வங்கியை விட்டு நியூடே என்ற நிறுவனத்துக்கு மாறியது. பழைய கணக்குகள் நகரவில்லை. ஒவ்வொருவரும் புது நிறுவனத்திடம் புதிதாக விண்ணப்பித்து, கடன் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். பல வருடங்களாக ஒரு தவணை தவறாதவர்கள் பலருக்கும் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சொந்த வீடும் ஓய்வூதியமும் சேமிப்பும் உள்ளவர்கள், கடையின் பழைய விசுவாசிகள், ‘எனக்கா தகுதி இல்லை?’ என்று கொதித்துப்போனார்கள். அவர்கள் கோபத்தில் முழு நியாயம் உண்டு. ஆனால் அவர்கள் ஒழுங்காகக் கட்டிய வரலாறு எச்எஸ்பிசியிடம் இருந்தது. நியூடே தன் அளவுகோலை வைத்துப் பார்த்தது. கடையிடம் காட்டிய விசுவாசத்துக்கு அந்த அளவுகோலில் இடமில்லை.

ஆகவே மாற்றம் பற்றிக் கடிதம் வந்தால் முதலில் தேட வேண்டிய வரி ஒன்றுதான்: கணக்கு தானாக மாறுகிறதா, நான் விண்ணப்பிக்க வேண்டுமா? விண்ணப்பிக்க வேண்டுமென்றால், பழையது மூடும் கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். கிடைக்காவிட்டால் வேறு கார்டு தேட அவகாசம் வேண்டும்.

நம்பிக்கை: பழைய வங்கி போய்விட்டது, பாக்கியும் போய்விட்டது.

இதை நம்பிப் பில் கட்டாமல் விட்டவர்கள் உண்டு. கடன் எங்கும் போகாது, வாங்கிய வங்கிக்குச் சேரும். விதிவிலக்காக ஒன்று நடந்தது. கனடாவில் அமேசான், மேரியட் பெயர்களில் கார்டு நடத்திய சேஸ் வங்கி 2018-இல் அவற்றை மூடியது. மறு வருடம் மிச்சமிருந்த பாக்கியை எல்லாம் தானே தள்ளுபடி செய்தது. செய்தி உலகம் முழுவதும் பரவியதற்குக் காரணமே அப்படி வேறெங்கும் நடப்பதில்லை என்பதுதான்.

ஆனால் கடனோடு சேர்ந்து சில பாதுகாப்புகளும் நகரும், அதைப் பலர் அறிவதில்லை. அமெரிக்கச் சட்டப்படி, ஏற்கெனவே உள்ள பாக்கிக்கு வங்கி இஷ்டம்போல் வட்டியை ஏற்ற முடியாது. கணக்கை வேறு வங்கி வாங்கிவிட்டாலும் அந்தத் தடை தொடரும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. புது வங்கியின் முதல் பில்லில் பழைய பாக்கிக்குக் கூடுதல் வட்டி தெரிந்தால் சும்மா இருக்க வேண்டாம்.

நம்பிக்கை: ஆட்டோ பே எல்லாம் தானாகவே புதுக் கார்டுக்கு மாறிவிடும்.

அதிகம் பேர் அடிபடுவது இங்கேதான்.

கோவையில் இருக்கும் என் பெரியம்மா மகளிடம் ஒரு கடை பெயர் போட்ட கார்டு இருந்தது. வங்கி மாறியது, புதுக் கார்டு கூரியரில் வந்தது, பின் நம்பர் வைத்தாள், கடையில் தேய்த்துப் பார்த்தாள், வேலை செய்தது. விஷயம் முடிந்தது என்று நினைத்துவிட்டாள். வீட்டாருக்கான மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் மட்டும் பழைய நம்பரில் பதிவாகியிருந்தது. பணம் வரவில்லை என்று காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய எஸ்எம்எஸ், கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று வரும் விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது. அதில் பழைய கார்டின் கடைசி நான்கு எண்கள்கூட இருந்தன. அவள் கணவர் வேறெதையோ தேடும்போது தற்செயலாக அதைப் பார்த்தார். சலுகைக் காலம் முடிய அப்போது சில நாட்களே பாக்கி. அவள் மாமனாருக்கு அந்த மாதம்தான் கண் அறுவை சிகிச்சை. பாலிசி அறுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், சிறிய எழுத்தில், பழைய பதிவுகள் செல்லாது என்று ஒரு வரி இருந்ததாம். முதல் பக்கம் முழுவதும் புதுச் சலுகைகள்.

காரணம் எளிது. நெட்பிளிக்ஸோ மின்வாரியமோ காப்பீடோ, அவர்களிடம் இருப்பது கார்டு நம்பரோடு இணைந்த ஓர் அனுமதி. அதே வங்கி, அதே நெட்வொர்க்கில் கார்டைப் புதுப்பிக்கும்போது புது விவரத்தைத் தானாக வியாபாரிகளுக்கு அனுப்பும் வசதி சில இடங்களில் உண்டு. வங்கியும் மாறி, அமெரிக்கன் எக்ஸ்பிரஸிலிருந்து விசாவுக்கு நெட்வொர்க்கும் மாறும்போது அதை நம்பி உட்கார முடியாது.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல். கார்டு பில்லைச் சேமிப்புக் கணக்கிலிருந்து மாதாமாதம் எடுத்துக்கொள்ளப் பழைய வங்கிக்குத்தான் நீங்கள் அனுமதி கொடுத்திருந்தீர்கள். புது வங்கியிடம் மறுபடி கொடுத்தாக வேண்டும். ‘பத்து வருடமாக ஒரு தடவைகூடத் தாமதமாகக் கட்டியதில்லை, முதல் மாதமே லேட் ஃபீ’ என்று புலம்புபவர்களில் பலர் இப்படி மாட்டியவர்கள்தான். அந்த முதல் அபராதத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மாற்றக் குழப்பம் என்று தெரிந்தால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். கேட்காதவருக்குத் தர மாட்டார்கள்.

வழி ஒன்றுதான், கொஞ்சம் அலுப்பானது. பழைய கார்டின் கடந்த பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்டையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் போதாது. வருடத்துக்கு ஒருமுறை போகும் காப்பீடு, டொமைன், வாகன உதவிச் சேவை எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். பழைய வங்கியின் இணையக் கணக்கு மூடிவிட்டால் அந்த ஸ்டேட்மென்டுகளைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

நம்பிக்கை: சேர்த்த பாயின்ட் என் பணம். யாரும் தொட முடியாது.

சேர்த்தவருக்கு அது பணம்தான், அந்த உணர்வைக் குறை சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தில் அது வங்கி அல்லது கடை தரும் சலுகை. காஸ்ட்கோ கார்டில் வருடம் முழுக்கச் சேரும் தொகை பிப்ரவரி பில்லோடு ஒரே சான்றிதழாக வரும். அந்த வருட டிசம்பர் 31-க்குள் காஸ்ட்கோவிலேயே மாற்ற வேண்டும். இடையில் கணக்கை மூடினால் சேர்ந்தது போகும். வங்கி மாறுகிறதே என்ற எரிச்சலில் கார்டை உடனே ரத்து செய்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. முதலில் பாயின்ட்டைச் செலவழியுங்கள், பிறகு கோபப்படுங்கள். மாற்றத் தேதிக்கு முதல் நாள் பாயின்ட் இருப்பு தெரியும் திரையை ஒரு படம் எடுத்து வையுங்கள். புதுக் கணக்கில் குறைந்து தெரிந்தால் அந்தப் படம்தான் உங்கள் பக்கச் சாட்சி.

நம்பிக்கை: கைமாறினாலே சலுகை குறையும்.

எப்போதும் அப்படி இல்லை. காஸ்ட்கோவில் கூடியது. பெட்ரோலுக்கு 3 சதவீதமாக இருந்தது 4 ஆனது, அதற்கான வருட வரம்பு 4,000 டாலரிலிருந்து 7,000 டாலராக உயர்ந்தது. ஓட்டலுக்கும் பயணத்துக்கும் 2 என்பது 3 ஆனது, காஸ்ட்கோவுக்குள் 1 என்பது 2 ஆனது. புலம்பல் அடங்கியதும் பலர் இதை ஒப்புக்கொண்டார்கள். உங்கள் செலவு எங்கே போகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள். பாக்கி வைத்துக் கட்டுபவராக இருந்தால் பாயின்ட் சதவீதத்தைப் பார்ப்பதே வீண். வட்டியை மட்டும் பாருங்கள்.

நம்பிக்கை: கடன் மதிப்பெண் பாழாகிவிடும்.

கணக்கு தானாக மாறினால் பெரிய பாதிப்பு இருக்காது. அறிக்கையில் பழைய கணக்கு மூடப்பட்டதாகவும் புதியது திறந்ததாகவும் தெரியலாம். பாக்கி இரண்டிலும் பதிவாகியிருந்தால் திருத்தச் சொல்லி எழுதுங்கள். மதிப்பெண்ணை உண்மையில் குலைப்பது மாற்றக் குழப்பத்தில் தவறும் தவணைதான். இந்தியாவில் கெடு தேதி தாண்டி மூன்று நாட்களுக்கு மேல் கட்டாமல் இருந்தால்தான் நிலுவை என்று கடன் தகவல் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த இடைவெளியில் கட்டிவிட்டால் தப்பலாம்.

நம்பிக்கை: கடையில் போய்ச் சத்தம் போட்டால் வேலை நடக்கும்.

கவுன்ட்டரில் நிற்கும் பெண் உங்கள் கணக்கைத் திறந்துகூடப் பார்க்க முடியாது. இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் விதிகள் இதைக் கறாராகவே சொல்கின்றன. கூட்டாளிக் கடையின் வேலை கார்டை விளம்பரப்படுத்துவதும் விற்க உதவுவதும். கார்டில் நடக்கும் பரிவர்த்தனை விவரங்களைக் கடை பார்க்கக் கூடாது. குறை சொல்வதற்கு முதல் தொடர்பாகக் கடை இருக்கலாம், தீர்க்க வேண்டியது கார்டு வெளியிட்ட வங்கிதான்.

ஆகவே அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள். வங்கிக்கு மின்னஞ்சலில் எழுதிப் புகார் எண் வாங்குங்கள். 30 நாட்களில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போகலாம். புது வங்கியே வேண்டாம் என்று முடிவெடுத்தால், பாக்கியைக் கட்டிவிட்டு மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஏழு வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால், மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். கேட்ட தேதி உள்ள மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள், ஏழு நாள் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது.