நுண்கட்டுப்படுத்திக்குரிய புரோகிராமரைத் தெரிவுசெய்தல்

மாணவர்களே, வீட்டு நீர்த்தாங்கி நிரம்பியதும் ஒலியெழுப்பும் சுற்றொன்றைச் செயற்றிட்டமாகச் செய்யப்போகிறீர்கள் எனக் கொள்வோம். கடையில் வாங்கும் நுண்கட்டுப்படுத்தி வெறுமையான ஒரு சில்லு மாத்திரமே. நீங்கள் எழுதும் செய்நிரலைத் தொகுப்பி பொறிமொழிக்கு மாற்றி ஹெக்ஸ் கோப்பாகத் தரும். அக்கோப்பைச் சில்லின் பிளாஷ் நினைவகத்தில் எழுதும் கருவியே புரோகிராமர் ஆகும். மின் நின்றாலும் பிளாஷ் நினைவகத்தில் உள்ளது அழியாது.

கருவியை வாங்கிவிட்டுச் சில்லைத் தேடக்கூடாது. சில்லின் குடும்பமே கருவியைத் தீர்மானிக்கிறது. பிக் வகைக்குப் பிக்கிற் கருவிகளும், ஏ.வி.ஆர். வகைக்கு யு.எஸ்.பி.ஏ.எஸ்.பி. கருவியும் பயன்படுகின்றன. ஏ.வி.ஆர். சில்லுகளைத் தயாரித்த அற்மெல் நிறுவனத்தை 2016 இல் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கியது. அதனால் எந்தக் கருவியும் எதற்கும் பொருந்தும் என எண்ணிவிடாதீர்கள்.

பழைய நூல்களில் ஜே.டி.எம். எனும் மலிவான புரோகிராமரைக் காண்பீர்கள். சில இருவாயிகள், திரான்சிற்றர்கள், தடையிகள் இருந்தால் வீட்டிலேயே பற்றாசு பிடித்துச் செய்யலாம். ஆசை வருவது இயல்பே. ஆனால் அதற்குத் தனி மின்வழங்கல் இல்லை. கணினியின் தொடர் துறையிலிருந்தே மின்னைப் பெறுகிறது. பிக்16எப்84ஏ சில்லில் எழுதும்போது எம்.சி.எல்.ஆர். முனைக்கு ஏறத்தாழ 13 வோல்ற்று வேண்டும். பழைய மேசைக் கணினியின் தொடர் துறை நேர், மறை ஆகிய இரு வோல்ற்றளவுகளையும் தந்தது. அவற்றுக்கிடையிலான வேறுபாட்டைக் கொண்டு சுற்று இயங்கியது. இன்றைய மடிக்கணினிகளில் இத்துறை இல்லை. யு.எஸ்.பி.யைத் தொடர் துறையாக மாற்றும் வடங்கள் பலவற்றில் போதிய வோல்ற்றளவு கிடைப்பதில்லை. சுற்று சரியாகவே இருக்கும். நீங்களோ அதில் பிழை தேடி நாட்களை வீணாக்குவீர்கள்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாணவர்கள் இப்பொருட்களைப் பெரும்பாலும் வெளியூரிலிருந்தே எடுப்பிக்க வேண்டும். பொருந்தாததை மாற்றப் போனால் பஸ் காசும் ஒரு நாளும் போய்விடும். எனவே முதன்முறை செய்பவருக்கு ஆடுயினோ ஊனோ பலகையே எனது தெரிவு. அதிலுள்ள ஏ.ரி.மெகா328பி சில்லின் 32 கிலோபைற்று நினைவகத்தில் அரைக் கிலோபைற்றில் தொடக்கச் செய்நிரல் ஒன்று முன்னரே எழுதப்பட்டுள்ளது. அதுவே யு.எஸ்.பி. வடத்தினூடாக உங்கள் செய்நிரலைப் பெற்று எழுதிக்கொள்ளும். தனிப் புரோகிராமர் தேவையில்லை. மலிவான பலகைகள் பலவற்றில் சீ.எச்.340 எனும் சில்லு உள்ளது. அதற்குரிய இயக்கி மென்பொருளை இணைய வசதி உள்ள இடத்திலேயே பதிவிறக்கி வைத்திருங்கள்.

பின்னர் ஏ.ரி.ரைனி85 போன்ற சிறிய சில்லுக்கு மாற விரும்பினால், ஊனோவில் ஆடுயினோ ஐ.எஸ்.பி. செய்நிரலை ஏற்றி அதனையே புரோகிராமராக்கலாம். ஊனோவின் 10, 11, 12, 13 ஆம் முனைகளை முறையே சில்லின் ரீசெற், மோசி, மிசோ, எஸ்.சீ.கே. முனைகளுடன் இணைக்க, 5 வோல்ற்று, புவி இணைப்புகளையும் மறவாதீர்கள். செய்நிரலை ஏற்றிய பின், ஊனோவின் ரீசெற், புவி முனைகளுக்கிடையே 10 மைக்ரோபரட் கொள்ளளவியை இடுக.

கவனிக்க: பியூஸ் பிற்றுகளை விளங்காமல் மாற்ற வேண்டாம். ரீசெற் முனையைச் செயலிழக்கச் செய்தால், 12 வோல்ற்றுப் புரோகிராமர் இன்றி அச்சில்லில் மீண்டும் எழுத முடியாது.

பயிற்சி வினா: ஒரு மாணவியிடம் ஊனோ பலகையும் பிக்16எப்84ஏ சில்லும் உள்ளன. ஆடுயினோ ஐ.எஸ்.பி. செய்நிரலைக் கொண்டு அச்சில்லில் எழுதலாமா?

விடை: இயலாது. அச்செய்நிரல் ஏ.வி.ஆர். வகைக்குரியது. மேலும் ஊனோவின் முனைகள் 5 வோல்ற்றே தரும். பிக்16எப்84ஏ சில்லுக்கு ஏறத்தாழ 13 வோல்ற்று தேவை.