உங்க செலவு குறைஞ்சுதா? எக்ஸெல்ல ஒரு கிராஃப் போட்டுப் பாருங்க!

"ஸ்விக்கி, சொமேட்டோ செலவுக்குத் தனி அக்கவுன்ட் வைங்க"னு வீடியோவுல சொன்னதும் பலர் கேட்டது, "அது வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?" நியாயமான கேள்விதான்.

ஐடியா என்னோடது இல்ல. திலீப் சோமன், அமர் சீமா 2011-ல வெளியிட்ட ஆய்வுல, இந்தியாவுல கட்டட வேலை செய்யறவங்களோட சேமிப்புப் பணத்தைக் கவர்ல போட்டு ஒட்டிக் கொடுத்தாங்க. ஒரே கவரா கொடுத்ததைவிட, ரெண்டா பிரிச்சுக் கொடுத்தவங்க கையில அதிகப் பணம் மிஞ்சியது. கவர் மேல பிள்ளைங்க போட்டோ இருந்தா இன்னும் அதிகம்.

ஆனா உங்களுக்கு அது பலிக்குதான்னு உங்க டேட்டாதான் சொல்லணும்.

ஷீட்ல முதல் காலம் தேதி. ரெண்டாவது 'முன்', மூணாவது 'பின்'. முதல் மாசம் எதையும் மாத்தாம, தினசரி ஆர்டர் தொகையை 'முன்'ல மட்டும் எழுதுங்க. அடுத்த மாசம் தனி அக்கவுன்ட். தொகை 'பின்'ல போகும். மூணு காலத்தையும் செலக்ட் பண்ணி லைன் சார்ட் போட்டா, மாற்றம் நடந்த நாள்ல கோடு தானா அறுந்து ரெண்டாத் தெரியும். ஒரே காலத்துல எழுதினா அது வராது.

ஆர்டர் பண்ணாத நாளுக்கு 0 போடணும். எழுத மறந்த நாளைக் காலியா விடணும். இதைக் குழப்பினா மறதியெல்லாம் சிக்கனமாத் தெரியும்!

பெரிய பொறி சம்பளத் தேதி. கோவிலம்பாக்கத்துலேர்ந்து ரேடியல் ரோடு டிராஃபிக்ல துரைப்பாக்கம் போய்ட்டு வர்றவர் 1-ம் தேதி சம்பளம் வாங்கறார்னு வைங்க. முதல் 15 நாளை 'முன்', அடுத்த 15 நாளை 'பின்'னு எடுத்தா கோடு அழகா இறங்கும். இறக்கினது அக்கவுன்ட் இல்ல, காலி பர்ஸ்! அதனாலதான் முழு மாசத்தோட முழு மாசம் ஒப்பிடச் சொல்றேன். சராசரியை மட்டும் பார்த்தும் ஏமாறாதீங்க. டீமுக்கு வெச்ச ஒரே ஒரு பிரியாணி ட்ரீட் அதைத் தூக்கிடும். மீடியன் ஃபார்முலாவும் போட்டுப் பாருங்க.

இன்னும் சந்தேகமா? மூணாவது மாசம் பழையபடி ஒரே அக்கவுன்ட்டுக்குத் திரும்பி, நாலாவது காலத்துல எழுதுங்க. கோடு மறுபடி ஏறினா, மாத்தினது அந்த அக்கவுன்ட்தான்னு ஓரளவு நம்பலாம். ஏறலேன்னா காரணம் வேற எங்கேயோ இருக்கு. ஒரு மாசம் கொஞ்சம் கூடுதலா செலவாகும்தான். என்னைக் கேட்டா அந்தக் காசு தண்டம் இல்ல.