பயத்துக்குக் கணக்கு வைக்கிறோம்... நன்றிக்கு?

ராத்திரி பத்தரை மணி. எட்டரைக்கெல்லாம் வந்துவிடுகிற வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை. போன் போட்டால் 'ஸ்விட்ச்டு ஆஃப்'.

முதல் கால் மணி நேரம், "ஆபீஸ்ல வேலை இருக்கும்" என்று சமாதானம். அப்புறம் மனசு மெல்ல ஒரு சினிமாவை ஓட்ட ஆரம்பிக்கிறது. மெயின் ரோட்டில் லாரி... ஆஸ்பத்திரி வராண்டா... பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ்... வீட்டு லோன்... பதினொரு மணிக்குள் நீங்கள் மனசுக்குள்ளேயே அழுது முடித்து, அடுத்த வருஷத்துக்கான குடும்ப பட்ஜெட்டையும் போட்டுவிடுகிறீர்கள்!

வாசலில் வண்டிச் சத்தம். "டயர் பஞ்சர். போன்ல சார்ஜ் இல்லை" என்றபடி உள்ளே வருகிறார் மனிதர்.

உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை என்ன? "யார் போனையாவது வாங்கி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்பதுதானே!

"பத்திரமா கொண்டுவந்து சேருங்கப்பா" என்று ஒரு மணி நேரமாக ஆண்டவரிடம் கெஞ்சிய நமக்கு, அவர் வந்து சேர்ந்ததும் ஒரு நன்றி சொல்ல ஞாபகம் வருவதில்லை. வந்த பயத்துக்கு மனசு பக்கம் பக்கமாகக் கணக்கு எழுதுகிறது. வராமல் போன ஆபத்துக்கு ஒரு வரி கிடையாது. சந்தேகமும் அவநம்பிக்கையும் வளர்வது இந்த ஒருதலைக் கணக்கில்தான். இதை எப்படிச் சரிசெய்வது என்று கிறிஸ்தவ விசுவாசம் சொல்லித் தருகிறது. அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

உடம்புக்குக் கற்பனை தெரியாது

லாரி நிஜத்தில் வந்தாலும் சரி, மனசுக்குள் வந்தாலும் சரி, உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். அட்ரினலின் சுரக்கும். நெஞ்சு படபடக்கும். ரத்த அழுத்தம் ஏறும். வயிறு கலங்கும். கார்ட்டிசால் என்கிற ஹார்மோனும் கூடும். ஆபத்து நேரத்தில் தப்பித்து ஓட இதெல்லாம் வேண்டும். ஆனால் தினமும் ராத்திரி கட்டிலில் படுத்தபடியே 'ஓடிக்கொண்டிருந்தால்' என்ன ஆகும்? தூக்கம் கெடும். தலைவலி, வயிற்றெரிச்சல், எரிச்சல் பேச்சு என்று ஒவ்வொன்றாக வரும்.

கெட்டதை முதலில் பார்ப்பதும், அதையே நினைத்துக் கொண்டிருப்பதும் மனித மூளையின் பழைய சுபாவம். பத்துப் பேர் "சமையல் பிரமாதம்" என்று சொல்லியிருப்பார்கள். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்ற அந்த ஒருத்தர் பேச்சுதான் ராத்திரி வரைக்கும் காதில் ஒலிக்கும். ஆகவே, 'எனக்கு மட்டும் ஏன் இப்படிப்பட்ட மனசு?' என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

சந்தேகப்பட்டால் பாவமா?

கிறிஸ்தவக் குடும்பங்களில் இதற்கு மேல் இன்னொரு சுமையும் உண்டு. "விசுவாசம் இருந்தா பயம் ஏன் வருது? அப்ப எனக்கு விசுவாசமே இல்லையோ?" கவலை ஒரு பக்கம், கவலைப்படுகிறோமே என்கிற கவலை இன்னொரு பக்கம்!

சந்தேகத்துக்கே பேர்போனவர் தோமா. இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்ற சீடர்கள் சொன்னபோது, காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று நின்றவர். இயேசு அவரை விரட்டவில்லை. எட்டு நாள் கழித்து வந்து, கையை நீட்டித் தொட்டுப் பார்க்கச் சொன்னார் என்கிறது யோவான் சுவிசேஷம். அதே தோமாதான் இந்தியாவுக்கு வந்து, சென்னையில் உயிர்விட்டார் என்பது இங்குள்ள கிறிஸ்தவர்களின் வழிவழி நம்பிக்கை. பரங்கிமலையும் சாந்தோமும் அவர் நினைவாகவே இருக்கின்றன.

அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-ல் புத்தகமாக வந்தபோது பலர் திகைத்துப் போனார்கள். ஆண்டவர் தன்னோடு இருப்பதையே உணர முடியாமல் பல பத்தாண்டுகள் மன இருட்டில் தவித்ததாக அவர் எழுதியிருந்தார். இருந்தும் மறுநாள் காலையில் எழுந்து நோயாளிகளைக் கவனிக்கப் போனார். 2016-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

ஆக, சந்தேகம் வருவதாலேயே விசுவாசம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வந்த சந்தேகத்தை என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

கேட்பதா... சொல்வதா?

மார்ட்டின் லாயிட் ஜோன்ஸ் என்பவர் லண்டனில் பெயர்பெற்ற ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தவர். 1920-களில் அதை விட்டுவிட்டு வேல்ஸ் நாட்டில் போதகரானார். கிறிஸ்தவர்களுக்கு வரும் மனச்சோர்வைப் பற்றி அவர் பிரசங்கித்தவை 1965-ல் புத்தகமாக வந்தன. அதில் அவர் சொல்லும் முக்கியமான யோசனை எளிமையானது. நம் கஷ்டத்துக்கு ஒரு பெரிய காரணம், மனசு பேசுவதையே நாம் கேட்டுக்கொண்டிருப்பது. அதை நிறுத்திவிட்டு, நாம் மனசிடம் பேசத் தொடங்க வேண்டும்.

இதற்கு அவர் காட்டும் உதாரணம் 42-ஆம் சங்கீதம். அதைப் பாடியவர் தன் ஆத்துமாவையே எதிரில் உட்காரவைத்து, ஏன் இப்படிச் சோர்ந்துபோனாய் என்று விசாரிக்கிறார். 77-ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தூக்கம் வராத ராத்திரி. ஆண்டவர் இரக்கத்தையே மறந்துவிட்டாரா என்று கேள்வி மேல் கேள்வி. பாதியில் ஒரு திருப்பம்! பழையதையெல்லாம் ஞாபகப்படுத்திப் பார்ப்பேன் என்று முடிவெடுக்கிறார். கடல் பிளந்து தன் ஜனங்கள் நடந்துபோன கதைக்குப் போய்விடுகிறார். அவருடைய அன்றைய பிரச்சினை தீர்ந்ததாகச் சங்கீதத்தில் இல்லை. ஆனால் நினைவு அவருக்குப் பிடிமானம் ஆகிவிட்டது.

தமிழ்நாட்டில் எத்தனையோ பிள்ளைகளுக்கும் வீடுகளுக்கும் 'எபெனேசர்' என்று பெயர் இருக்கிறது. உதவியின் கல் என்று அதற்குப் பொருள். போரில் தப்பிய இடத்தில் சாமுவேல் தீர்க்கதரிசி ஒரு கல்லை நட்டு வைத்த பெயர் அது. எதற்குக் கல்? மனுஷன் மறந்துவிடுவான் என்பதால்தான்!

ஒன்பது பேர் எங்கே?

லூக்கா சுவிசேஷத்தில் பத்துக் குஷ்டரோகிகள் குணமாகிறார்கள். திரும்பி வந்து நன்றி சொன்னது ஒருவர். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். அவர்கள் கெட்டவர்களாகத்தான் இருக்க வேண்டுமா? வீடு, தொழில், பெண்டு பிள்ளை என்று அவசரமாக ஓடியிருக்கலாம். பஞ்சரான டயருக்காகச் சண்டை பிடிக்கும் நம்மைப் போல!

நன்றி உணர்வைப் பற்றி மனநல ஆய்வுகளும் உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இருவர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. ஒரு குழு மாணவர்களை, நன்றி சொல்ல வேண்டியவற்றை வாரம் ஒரு முறை எழுதச் சொன்னார்கள். இன்னொரு குழு தொல்லைகளை எழுதியது. நன்றி எழுதியவர்கள் வாழ்க்கையைப் பற்றித் திருப்தியாகச் சொன்னார்கள். உடம்பு உபாதைகளும் குறைவாக இருந்தன. பின்னால் வந்த ஆய்வுகள், பலன் உண்டு, ஆனால் மிதமானதுதான் என்று சொல்கின்றன. அதாவது இது மாத்திரைக்குப் பதில் அல்ல. தினமும் நடக்கிற நடை மாதிரி ஒரு நல்ல பழக்கம்.

டீச்சரின் நோட்டு

எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருவர். மார்பில் ஒரு கட்டி. பயாப்ஸி எடுத்தார்கள். ரிப்போர்ட் வர ஐந்து நாள்.

"ஜெபம் பண்ண உட்கார்ந்தா ஜெபம் வரலை, பயம்தான் வருது" என்று அம்மாவிடம் அழுதிருக்கிறார். அம்மா அதிகம் படிக்காதவர். "வரப்போறதைப் பத்தி எழுதாதே. நடந்து முடிஞ்சதை எழுது. அதுல பிசாசு கை வைக்க முடியாது" என்று ஒரு பழைய நோட்டைக் கொடுத்தாராம்.

டீச்சர் எழுதிய முதல் வரி: 'கட்டி கையில் தட்டுப்பட்ட மறுநாளே டாக்டரிடம் போனேன். தள்ளிப்போடவில்லை. நன்றி ஆண்டவரே.'

ரிப்போர்ட் அவர் வேண்டிக்கொண்ட மாதிரி வரவில்லை. ஆரம்பக் கட்டப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோதெரபி எல்லாம் நடந்தது. நோட்டும் தொடர்ந்தது. ஒரு நாள், 'இன்னிக்கு ரசம் சாதம் வயித்துல தங்குச்சு' என்று ஒரே வரி. இன்னொரு நாள், 'ஒண்ணுமே தோணலை ஆண்டவரே. இதையும் உங்ககிட்டதானே சொல்லணும்.'

"நோட்டு எழுதினதால நோய் போகலை சார். பயம் வந்தப்ப பிடிச்சுக்க ஒரு கம்பி கிடைச்சுது. ஒரு கீமோவைக்கூட நான் தவறவிடலை" என்றார். நன்றி சொன்னால் கெட்டது வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருவதைத் தாங்க மனசை நிற்க வைக்கிறது என்பதுதான் உண்மை.

துக்க வீட்டில் இது வேண்டாம்

ஒரு எச்சரிக்கை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று உபதேசம் பண்ணாதீர்கள். லாசரு கல்லறை முன் இயேசுவே கண்ணீர் விட்டார். அழ வேண்டிய நேரத்தில் அழட்டும். நன்றி தானாக ஊற வேண்டும். அடுத்தவர் திணிக்கக்கூடாது.

ஜெர்மனியில் ஐலன்பர்க் என்ற ஊரின் போதகர் மார்ட்டின் ரிங்கார்ட். முப்பதாண்டுப் போர் நடந்த காலம். 1637-ல் ஊரில் கொள்ளைநோய். அந்த ஒரு வருஷத்தில் 4,000-க்கும் மேற்பட்டவர்களை அடக்கம் பண்ணினார். அதில் ஒன்று அவருடைய சொந்த மனைவி. அந்தப் போர்க்காலத்தில் அவர் எழுதிய ஒரு சின்னச் சாப்பாட்டு ஜெபம், பெரிய நன்றிப் பாட்டாக உலகம் முழுக்க இன்றும் பாடப்படுகிறது. துக்கமும் நன்றியும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

ஒரு வாரம் செய்து பாருங்களேன்!

1. ஒரு 40 பக்க நோட்டு போதும். படுக்கையில் அல்ல, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுங்கள். ஐந்து நிமிஷம்.

2. இடது பக்கம், இன்றைக்கு உங்களைப் பிடித்து ஆட்டிய பயம். ஒரே வரி. ஒளிக்காமல் எழுதுங்கள். அதுவும் ஜெபம்தான்.

3. அதன் கீழே இரண்டு கேள்வி: 'இது நடந்துவிட்டதா, நடக்கும் என்று நினைக்கிறேனா? நாளைக்கு நான் செய்யக்கூடிய ஒரு காரியம் என்ன?'

4. வலது பக்கம், இன்று நடந்த மூன்று நல்லவை. 'குடும்பத்துக்காக நன்றி' என்று பொத்தாம் பொதுவாக வேண்டாம். 'மாமியார் தானாகவே கீரை ஆய்ந்து வைத்தார்' என்று குறிப்பாக இருக்கட்டும்.

5. மூன்றில் ஒன்றை, சம்பந்தப்பட்டவரிடமே வாய்விட்டுச் சொல்லுங்கள். மாமியாருக்கு ஆச்சரியமாக இருக்கும்!

6. ஏழாம் நாள், இடது பக்கத்துப் பயங்களைத் திரும்பப் படியுங்கள். எத்தனை நடந்தது, எத்தனை நடக்கவில்லை என்று குறியுங்கள். நடக்காததற்கு நன்றி சொல்லுங்கள். நடந்ததற்கு, அதைக் கடக்க யார் உதவினார்கள் என்று எழுதுங்கள்.

பவுல் அப்போஸ்தலன் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்திலும் இந்த முறைதான் இருக்கிறது. கவலையை விண்ணப்பமாகச் சொல்லுங்கள், கூடவே நன்றியையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறார். எழுதிய இடம் சிறை!

எலியாவுக்குக் கிடைத்த முதல் மருந்து

எலியா தீர்க்கதரிசி ஒரு கட்டத்தில் ஒரு செடியின் கீழே படுத்து, போதும், சாகிறேன் என்று ஆண்டவரிடம் சொன்னார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். தூங்கவிட்டான். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பேச்செல்லாம் அப்புறம்தான்.

எனவே சாப்பாடு, தூக்கம், டாக்டர் எல்லாமே விசுவாசத்துக்கு விரோதம் அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து மனச்சோர்வு, எதிலும் பிடிப்பில்லாமை, தூக்கமோ பசியோ கெட்டுப்போவது என்றிருந்தால் மனநல டாக்டரைப் பாருங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், 'ஜெபம் பண்ணியாச்சு' என்று நிறுத்தவே கூடாது. சாக வேண்டும் என்கிற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். பக்கத்தில் இருப்பவர்கள் அவரைத் தனியாக விடாதீர்கள்.

சரி... மறுபடி அந்தப் பத்தரை மணிக்கு வருவோம். இன்னொரு நாளும் அவர் தாமதமாக வரத்தான் போகிறார். மனசு சினிமா ஓட்டத்தான் போகிறது. அப்போது நோட்டை எடுத்துப் போன முறை எழுதியதைப் படியுங்கள்: 'டயர் பஞ்சர். பத்திரமாக வந்துவிட்டார். நன்றி.'

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும், "வந்துட்டீங்களா... ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லிவிட்டுச் சாப்பாடு எடுத்து வையுங்கள்.

போனுக்கு ஏன் சார்ஜ் போடவில்லை என்று சாப்பிட்டு முடித்தபின் கேட்டுக்கொள்ளலாம்!