மழைக்காலத்துச் சீருடையும் மருந்தூட்டிய பனியனும்

கேள்வி: மழை தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் துவைத்த துணியெல்லாம் ஈர நாற்றம் அடிக்கிறது. மகனின் பள்ளிச் சீருடையும் விளையாட்டு பனியனும்தான் படுமோசம். காய்ந்து மடிக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. பள்ளிக்குப் போய் ஒரு மணி நேரத்தில் நாறுகிறது, பக்கத்தில் யாரும் உட்காரமாட்டேன் என்கிறார்கள் என்று அழுகிறான். ‘பாக்டீரியாவைத் தடுக்கும்’ என்று அச்சிட்ட பனியன்களைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன். சில மாதங்களில் அவையும் அப்படியே ஆகிவிட்டன. இதனால் தோல் வியாதி வருமா? துணியில் ஏற்றும் மருந்து பிள்ளையின் உடம்புக்குக் கெடுதலா?
– எஸ். ஆர்., முடிச்சூர்.

பதில்: முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மகனின் உடம்பில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் சுத்தத்திலும் குறை இல்லை. இந்த நாற்றத்தால் மட்டும் நோய் வராது. ஆனால், வகுப்பில் பிள்ளை கூசிப்போவது சின்ன விஷயமல்ல. அதைத் தீர்த்தே ஆகவேண்டும், தீர்க்கவும் முடியும்.

‘காய்ந்ததும் தெரிவதில்லை, உடுத்தியபின் நாறுகிறது’ என்று எழுதினீர்களே, காரணம் அதில்தான் இருக்கிறது. புதிதாகச் சுரக்கும் வேர்வைக்குப் பெரும்பாலும் மணமே கிடையாது. அதைத் தின்று வாழும் பாக்டீரியா (கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்) வெளியேற்றும் அமிலங்கள்தான் நாறுகின்றன. ஈரத்துணியின் நாற்றத்தை ஜப்பானின் காவோ நிறுவன ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட முக்கியக் காரணம் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா. சாதாரணச் சலவைக்கும், துணி காய்வதற்கும் அது எளிதில் சாவதில்லை. நூலிழைகளுக்கு இடையில் அடங்கிக் கிடந்து, மறுபடி ஈரமும் உடம்புச் சூடும் கிடைத்தவுடன் பெருகும். உங்கள் மகனின் சீருடையில் நடப்பது இதுதான்.

துணியின் இழைக்கும் இதில் பங்குண்டு. பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் வரை காற்றின் ஈரத்தை உள்வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டரால் முடிவது 0.4 சதவீதம்தான். ஆனால், வேர்வையோடு வரும் எண்ணெய்ப் பசையைப் பாலியஸ்டர் விடாமல் பிடித்துக்கொள்ளும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் உடற்பயிற்சி செய்தவர்களின் பனியன்களைச் சோதித்து 2014-ல் வெளியிட்ட ஆய்விலும், பருத்தியைவிடப் பாலியஸ்டர் பனியனே அதிகம் நாறியது. நாற்றம் உண்டாக்கும் மைக்ரோகாக்கஸ் வகை பாக்டீரியா அதில்தான் செழித்தது. விளையாட்டு பனியன்களில் பெரும்பாலானவை பாலியஸ்டர். சீருடைத் துணியிலும் அது பாதிக்குமேல் கலந்திருப்பது வழக்கம்.

இதோடு நம் பக்கத்துத் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாம்பரம், பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கம் பல வீடுகளில் துவைப்பது போர் தண்ணீரில்தான். அது உப்பாக இருந்தால் சோப்பு சரியாக நுரைக்காது. தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து பிசுக்காகத் துணியில் படியும். பாக்டீரியா ஒளிந்துகொள்ள அந்தப் பிசுக்கு வசதியான இடம். மேலும், ஐப்பசி, கார்த்திகையில் மாடிக்கொடியில் துணி காய வழியில்லை. வீட்டுக்குள் நாள் முழுக்க ஈரமாகவே தொங்குகிறது.

இனி மருந்தூட்டிய துணிக்கு வருகிறேன். துணிக்குச் சாயம் ஏற்றியபின் கடைசிக் கட்டமாகச் சில வேதிப்பொருள்களை ஏற்றுவார்கள். வெள்ளி உப்புகள், துத்தநாகச் சேர்மங்கள், இழையோடு ஒட்டிக்கொள்ளும் அம்மோனியச் சேர்மங்கள், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் ஆகியவை இவற்றில் சில. இவை செயல்படும் விதம் இரண்டு. வெள்ளி போன்றவை ஈரம் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து பாக்டீரியாவைக் கொல்லும். கசிவதால், ஒருநாள் தீர்ந்துபோகும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2008-ல் வெள்ளி ஏற்றிய காலுறைகளை அலசிப் பார்த்தபோது, சில வகைகளில் நான்கே அலசலில் ஏறக்குறைய முழு வெள்ளியும் தண்ணீரோடு போய்விட்டது. இன்னொரு வகை இழையிலேயே நின்று, தன்மேல் படும் பாக்டீரியாவை அழிக்கும். அது அவ்வளவு சீக்கிரம் கரையாது. ஆனால், மேலே சோப்புப் பிசுக்கோ எண்ணெய்ப் பசையோ மூடிக்கொண்டால் பாக்டீரியா அதைத் தொடவே முடியாது. மருந்து இருந்தும் வேலை செய்யாது. நீங்கள் வாங்கியது எந்த வகையாக இருந்தாலும், அது கைவிட்டதில் வியப்பில்லை.

பிள்ளையின் உடம்புக்குக் கெடுதலா என்று கேட்டீர்கள். காயமில்லாத தோல் வழியே உள்ளே போகும் வெள்ளி மிகச் சொற்பம். அதற்காக அஞ்ச வேண்டாம். டிரைக்குளோசான் என்ற பொருள் ஏற்றிய துணியைமட்டும் தவிர்த்துவிடுங்கள். கழுவும் சோப்புகளில் அதைச் சேர்க்க 2016-ல் அமெரிக்க அரசு தடை விதித்தது. என் கவலை வேறு. துணியிலிருந்து கழுவிப்போகும் வெள்ளி, சாக்கடை வழியாக நம் ஏரிகளுக்கும் அடையாற்றுக்கும் போய்ச் சேர்ந்தால், அங்குள்ள நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு. தினமும் துவைக்கும் பிள்ளைத்துணிக்கு இது தேவையில்லை என்பதே என் கருத்து. அப்படியும் வாங்குவதானால், ‘99 சதவீதம்’ என்ற எழுத்தில் மயங்காதீர்கள். அது ஆய்வுக்கூடத்தில் ஓரிரண்டு பாக்டீரியாவை வைத்துப் பார்த்த கணக்கு. எத்தனை சலவைக்குப் பிறகு சோதித்தது என்ற விவரம் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். கோவையில் உள்ள சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) போன்ற இடங்களில் இப்படிச் சோதிக்கும் வசதி இருக்கிறது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் சீருடையை அழுக்குக் கூடையில் சுருட்டிப் போடாமல் கொடியில் விரித்துவிடச் சொல்லுங்கள். பாதிக் குறை அதிலேயே தீரும். வாரம் ஒருமுறை கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில், ஆக்சிஜன் வெளுப்பான் (குளோரின் இல்லாத, சாயத்தைக் கெடுக்காத தூள்) கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். இரவு முழுக்க ஊறவைக்காதீர்கள். தண்ணீர் ஆறியபின் பாக்டீரியாதான் பெருகும். துண்டு, உள்ளாடை, பருத்தி பனியன் ஆகியவற்றுக்கு மெஷினில் 60 டிகிரி வைக்கலாம். மெஷினை முக்கால் பங்குக்குமேல் நிரப்ப வேண்டாம். கடைசி அலசலுக்காவது மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் கிடைத்தால் நல்லது. வாசனைக்காக ஊற்றும் துணி மென்மையாக்கியை நிறுத்துங்கள். அது இழைமேல் படலமாகப் படிந்து, துண்டின் நீர் உறிஞ்சும் தன்மையையும் கெடுக்கும். பிழிவதை இரண்டு முறை ஓட்டி, துணிக்குத் துணி ஒரு கை இடைவெளி விட்டு மின்விசிறிக்குக் கீழே உலர்த்துங்கள். அக்குள், கழுத்துப்பட்டை, இடுப்புத் தையல் ஆகிய இடங்களில் சூடான இஸ்திரியைக் கொஞ்சம் நிறுத்தித் தேய்த்து, ஈரம் துளியும் இல்லாமல் மடியுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த துணிக்கு இந்த முறை போதாது. 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டித் தீர்த்ததை முடிச்சூர்க்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும். அப்படி நனைந்த பருத்தித் துணியைச் சேறு போக அலசி, கொதிக்கவைத்துத் துவைக்க வேண்டும். வெள்ளைத் துணிக்கு பிளீச்சிங் பவுடர் போடலாம். அதோடு வினிகரையோ ஆசிட்டையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

தோல் வியாதி பற்றியும் கேட்டீர்கள். தோலில் வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து அரித்தால் அது படர்தாமரையாக (பூஞ்சைத் தொற்று) இருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு களிம்பு வாங்கித் தடவாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு அடங்கியதுபோல இருந்து தொற்று பரவும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். குணமாகும்வரை பிள்ளையின் துணியையும் துண்டையும் தனியாக வெந்நீரில் துவையுங்கள். துணியெல்லாம் சரியாகியும், குளித்த உடம்பிலேயே மீன்வாடைபோல ஒரு மணம் நீடித்தால், அதையும் குழந்தைநல மருத்துவரிடம் சொல்லுங்கள். அபூர்வமாகச் சிலருக்கு உடலின் வேதிமாற்றத்தால் அப்படி நேர்வதுண்டு.